இரண்டாவது நம்பர்

"நம்பர்?" என்று யார் கேட்டாலும் ஜீவராணியின் வாய் யோசிக்காமல் பதில் சொல்லும்: "நூத்திப் பதினேழு."

கரவனெல்லயிலிருந்து மேலேறும் றப்பர்த் தோட்டமொன்றின் கீழ்ப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் அவள் அந்த எண்ணாகவே இருந்திருக்கிறாள். பத்தொன்பது வயதில் பால் வெட்டப் போன முதல் நாள் கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கேட்டு செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் எழுதினார். அதற்குப் பிறகு தோட்டத்து ஆபீஸுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் கூப்பிடும்போது நம்பர். பால் நிறுக்கும் கொட்டகையில் நம்பர். சம்பளத்துக்கு நம்பர், தீபாவளி முற்பணத்துக்கு நம்பர். மகன் சுமனைப் பெற்றெடுக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தலைமாட்டில் தொங்கிய அட்டையிலும் நம்பர்தான் இருந்தது. கேட்டவுடன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது. ஒரு சனத்தை நூற்றைம்பது வருடம் இப்படிப் பழக்கி வைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் "நம்பரை ஏன் சொன்னாய்?" என்று கேட்பவர்களின் துணிச்சலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அவளுக்கு வேறொரு பாடமும் தெரியும். அது இருபது வயதில் படித்தது. அன்று பால் வாளியைத் தராசில் வைத்தாள், நம்பரைச் சொன்னாள், கணக்கப்பிள்ளை பதினாலு கிலோ என்று எழுதிக்கொண்டார். அடுத்தவளின் வாளி ஏறிய பிறகு தலையைத் தூக்கி, "ஏ புள்ள, ஒன் நம்பர் என்னான்னு சொன்ன?" என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள். மாதக் கடைசியில் அந்தப் பதினாலு கிலோ ஒன்பதாகியிருந்தது. மிச்சம் ஐந்து கிலோ, அந்தப் பிரிவில் யாரும் கண்ணால் கண்டிராத ஓர் ஆளின் பெயரில் ஏறியிருந்தது.

பக்கத்து நிரையில் வெட்டும் மருதாயிதான் அப்போது சொல்லிக்கொடுத்தாள். "மொதத் தடவ கேட்டா எழுதுறாங்கடி. ரெண்டாந் தடவ கேட்டா அழிக்கிறாங்க. ரெண்டாந் தடவ வாயத் தொறந்துறாத."

அன்றிலிருந்து யாராவது இரண்டாம் முறை நம்பர் கேட்டால் ஜீவராணியின் கை இடுப்புக்குப் போய்விடும். "பொஸ்தகத்தக் காட்டுங்கய்யா, எழுதியிருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். இதனால் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வந்தது. நல்ல பால் சுரக்கும் நிரைகள் அவளுக்குக் கிடைக்காமலும் போயின. ஆனால் கிலோ குறையவில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பத்துநான்கு. ஈ.பி.எஃப். காசுக்கு எழுதிப்போட்டு, பிறந்த தேதி ஒரு கடதாசியில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்ததால் இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் காசு வங்கிக்கு வந்தது. அதன் பிறகும் கைக்காசுக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் ஏழுமலைக்கு முதுகு போய் ஆறு வருடமாகிறது. மரம் ஏற்றும்போது லொறியிலிருந்து விழுந்தவர். சமைப்பார், துணி துவைப்பார், வாயால் மட்டும் இன்னும் பத்து ஆள் வேலை செய்வார்.

அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு. மேட்டில் ஒரு விரிசல். போன வருட மழையில் அதற்குள் கை போனது. அளக்க வந்த அதிகாரிகள் லயத்துச் சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்கள்; மழைக்காலத்தில் இங்கே படுக்கக் கூடாது என்றார்கள். எங்கே படுப்பது என்று அவர்கள் கடதாசியில் எழுதியிருக்கவில்லை. நல்லவேளையாக, கீழே றோட்டோரத்தில் ஏழு பேர்ச் காணித் துண்டு ஒன்று ஜீவராணி குடும்பத்துக்குக் கிடைத்தது. ஈ.பி.எஃப். காசில் பாதியைப் போட்டு அத்திவாரம் கட்டி, இடுப்பளவு சுவரும் எழுப்பினாள். மிச்சச் சுவருக்கும் கூரைக்கும் நாலு லட்சத்து இருபதாயிரம் வங்கியில் இருந்தது. மே மாதம் பெருமழை தொடங்குமுன் கூரை விழ வேண்டும். அவள் அந்த வருடம் வேறெதையும் நினைக்கவில்லை.

வங்கி டவுனில். எட்டுத் தடவை போயிருக்கிறாள். சிங்களத்தில் ஜீவராணி பேரம் பேசுவாள், பகிடி விடுவாள், தேவைப்பட்டால் சண்டையும் போடுவாள். தமிழ் எழுத வாசிக்கத் தெரியும், சிங்கள எழுத்து மட்டும் தெரியாது. அங்கே படிவங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. காவலாளியிடமோ வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடமோ கெஞ்சி நிரப்பிக்கொள்வாள். எட்டுத் தடவையில் ஒரு தடவைகூட அந்தக் கட்டிடத்துக்குள் யாரும் அவளிடம் ஒரு தமிழ்ச் சொல் பேசியதில்லை.

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. கையில் ஒட்டியிருந்த றப்பர்ப் பாலை உரித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

"வணக்கம்மா. ஜீவராணி அம்மாங்களா?"

"ஆமாங்க."

"பேங்குல இருந்து பேசுறேம்மா. சாப்டீங்களா?"

ஜீவராணி எழுந்து நின்றுவிட்டாள். வங்கி பேசுகிறது. தமிழில் பேசுகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறது.

"சாப்ட்டேங்க சார். சொல்லுங்க."

"மண்சரிவு வீட்டு உதவிக்கு ஒங்க பேரு வந்திருக்கும்மா. கீழ்ப் பிரிவு, ஆறாம் நம்பர் லயம், செவப்பு அடையாளம் போட்டது. சரிதானே?"

எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா? ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் மேலே வந்துபோனார்கள்! சங்கம், கட்சி, நிவாரணம், கணக்கெடுப்பு, கையில் பலகை மாதிரி ஒன்றை வைத்துத் தட்டிக்கொண்டு வந்த இரண்டு வெள்ளைச் சட்டைகள். வந்தவர்களெல்லாம் அடையாள அட்டை நகல் கேட்டார்கள், பாஸ்புத்தகத்து முதல் பக்கத்தின் நகல் கேட்டார்கள். லயத்துக்காரர்கள் ஒரு நகலுக்கு இருபது ரூபாய் கொடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கடதாசிகள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அஞ்சு லட்சம் விழும்மா. நாளைக்கே. ஒங்க கார்டு வேலை செய்யுதான்னு மட்டும் சரி பாக்கணும். கார்டுல முன்னாடி இருக்கிற நம்பரச் சொல்லுங்க."

நம்பர். அவள் சொன்னாள். பின்பக்கத்து மூன்று நம்பரையும் சொன்னாள்.

"இப்ப ஒங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும்மா."

வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி, நடுவே ஆறு இலக்கம். இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்த இரண்டு வரியும் சொல்லிக்கொண்டிருந்தன. எச்சரிக்கை சரியான நேரத்துக்குத்தான் வந்தது. அவள் கைக்குள்ளேயே வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வந்தது. இலக்கங்கள் மட்டும் எந்த மொழியிலும் இலக்கங்களாகவே இருந்துவிட்டன.

ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னாள். பெரட்டில் சொல்வது மாதிரி.

"ரொம்ப நல்லதும்மா. ஒரு நிமிஷம் இருங்க."

ஒரு நிமிடம் இருந்தாள். இன்னொரு மெசேஜ் வந்தது.

"அம்மா, மொத நம்பர் சரியா விழல. இப்ப வேற ஒண்ணு வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

ஜீவராணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதே இரண்டு வரி, வேறு ஆறு இலக்கம். முதல் இலக்கம் நாக்கு நுனிக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவளையறியாமல் கை இடுப்புக்குப் போயிருந்தது.

"மொதத் தடவ எழுதினீங்களா, இல்லையா?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"மொத நம்பரு சொன்னேன்ல. அத எழுதினீங்களா? எழுதினா ரெண்டாவது எதுக்கு?"

"மெஷின்ல பிரச்சினைம்மா. சீக்கிரம் சொல்லுங்க, ரெண்டு நிமிஷந்தான் இருக்கு. இல்லன்னா ஒங்க உதவி வேற ஆளுக்குப் போயிரும்."

"போகட்டும். நான் பொஸ்தகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எந்தப் பொஸ்தகம்?"

"ஒங்க பொஸ்தகம். நீங்க எந்தக் கவுண்டருல இருக்கீங்கன்னு சொல்லுங்க சார், நான் பஸ் புடிச்சு வர்றேன்."

அந்தப் பக்கத்தில் 'அம்மா' செத்துப்போனது. கணக்கை முடக்கிவிடுவேன் என்றான், பொலிஸை அனுப்புவேன் என்றான். பிறகு அச்சில் போட முடியாத இரண்டு சொற்களைச் சொன்னான். நல்ல சுத்தமான தமிழ். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு முதல் நம்பரை என்ன செய்திருப்பான் என்பது உறைத்தது.

ஏழுமலை உள்ளே பருப்பு தாளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கார்டையும் போனையும் எடுத்துக்கொண்டு ஜீவராணி குறுக்குப்பாதையில் இறங்கி ஓடினாள். பாதை முடியும் சந்தியில், தோட்டமே 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் முஹ்ஸினின் கடை. அரிசி, பருப்பு, போன் றீலோட், போட்டோ கொப்பி. தோட்டத்து நகல்களெல்லாம் பிறந்த இடம் அதுதான்.

"நானா, இத வாசிங்க." மூச்சு வாங்கியது. "என்னா எழுதியிருக்கு?"

முஹ்ஸின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முகம் மாறியது. "அக்கா, இந்த நம்பர யாருக்காவது சொன்னீங்களா?"

"மொதல்ல வந்தத."

"ரெண்டாவது?"

"சொல்லல்ல."

"அல்லாஹ்! மெசேஜ்லயே தொகை போட்டிருக்கு, மொதலாவதுல ஒன்றரை லட்சத்துக்குச் சாமான் எடுத்திருக்கான். ரெண்டாவது, ரெண்டு லட்சத்து எழுபதாயிரம். மிச்சம் இருக்கிறத அப்படியே வழிக்கப் பாத்திருக்கான்." பேசிக்கொண்டே கார்டைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் முடியல்ல அக்கா. கார்டு நம்பர் அவன் கையில இருக்கு. சில வெளிநாட்டுக் கடைகள்ல மெசேஜ் இல்லாமயும் காசு எடுக்கலாம். இப்பவே கார்ட நிப்பாட்டணும்."

கார்டின் பின்னால் இருந்த இலக்கத்துக்கு அழைத்தார்கள். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று என்றது குரல். ஜீவராணி ஆசையாக இரண்டை அமுக்கினாள். பாட்டுப் போட்டது. ஒரு நிமிடம் போட்டது. மூன்று நிமிடம் போட்டது. நல்ல வயலின்.

"இந்தப் பாட்டு முடியிறதுக்குள்ள என் கூரை போயிரும்" என்று சொல்லி வெட்டிவிட்டு, மறுபடி அடித்து ஒன்றை அமுக்கினாள். உடனே ஒரு பெண் குரல் வந்தது. "நங்கி, மகே காட் எக தென்ம நவத்தன்ன!" என் கார்டை இந்த நிமிடமே நிறுத்து, தங்கச்சி. முப்பத்தைந்து வருடம் சந்தையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிச் சேர்த்த சிங்களம் அன்றைக்கு அவள் காசைக் காத்தது. நான்கு நிமிடத்தில் கார்டு செத்தது. மிச்சம் பிழைத்தது.

முஹ்ஸின் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். ஜீவராணி அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். "தமிழ்ல பேசினான் நானா. சாப்ட்டீங்களான்னு கேட்டான்."

"நீங்க மட்டுமில்ல அக்கா," என்றார் முஹ்ஸின் மெதுவாக. "என்ட மச்சான், இங்கிலீஷ் படிச்ச மனுசன், அவனும் ஏமாந்தான். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல. நாங்க சொல்லாம இருக்கிறதாலதான் அடுத்தவனும் மாட்டுறான்."

மறுநாள் காலை வங்கி. கழுத்துப் பட்டி கட்டிய ஓர் அதிகாரி, வயது முப்பதுக்குள் இருக்கும், கணினியைப் பார்த்தபடியே சிங்களத்தில் கேட்டார்: நம்பரை நீங்களே சொன்னீர்களா? சொன்னேன் என்றாள். அப்படியென்றால் வங்கி பொறுப்பில்லை என்றார். அதோ பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோமே என்று சுவரைக் காட்டினார்.

பலகை பெரியதாக இருந்தது. பூட்டுப் படம் போட்டு, சிவப்பு எழுத்தில். சிங்களம் ஒரு பாதி, ஆங்கிலம் ஒரு பாதி.

"இதில் என் மொழி எங்கே இருக்கிறது மாத்தயா?" என்று ஜீவராணி சிங்களத்தில் கேட்டாள். குரல் உயரவில்லை. "என் காசை வாங்கிக்கொள்ளும்போது எந்த மொழியில் உழைத்தது என்று நீங்கள் கேட்கவில்லையே."

வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிங்கள மூதாட்டி, "எத்த தமய்" என்றாள், அது உண்மைதானே என்று. அதிகாரி முதன்முறையாகக் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். காதோரம் சிவந்தது. அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்தப் பலகையை அவர் எழுதவில்லை. எழுதியவர் எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார். தமிழில் கடன் விளம்பரம் அடிக்க அந்த அறையில் எப்போதும் ஆள் இருக்கும். எச்சரிக்கை எழுத மட்டும் ஆள் கிடைக்காது. கள்ளனுக்கு அந்தச் சோம்பல் இல்லை. அவன் வாடிக்கையாளரின் மொழியில் பேசுகிறான், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், சாப்பாட்டை விசாரிக்கிறான்.

அதிகாரி ஒரு முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்து, இம்முறை தானே நிரப்பினார். வாங்கிய சாமான் இன்னும் கைமாறாமல் இருந்தால் கொஞ்சம் மீளலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். பொலிஸிலும் ஒரு பதிவு போடச் சொன்னார். போட்டாள். அங்கேயும் தனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை, முழுதும் வாசித்துக் காட்டினால்தான் வைப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வாசித்துக் காட்டினார்கள்.

வீட்டில் ஏழுமலைக்கு அன்று மாலைதான் சொன்னாள். கத்துவார் என்று நினைத்து, முதலில் வாளி கத்தியெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள். அவர் சுவரிலிருந்த சிவப்புக் குறியைப் பார்த்தார்.

"ஒன்றரை லட்சமா?"

"ம்."

"முப்பத்தஞ்சு வருஷமா தராசுல எடுத்தாங்களே, அதவிட இது கம்மிதான் புள்ள. இவன் ஒரே நாள்ல எடுத்துட்டான். அவங்க மாசாமாசம் எடுத்தாங்க."

"ஒங்களுக்குக் கோவம் வரலயா?"

"வருது. ஒம்மேல எதுக்கு வரணும்? நானா இருந்தா ரெண்டாவதயும் சொல்லியிருப்பேன். மூணாவது இருக்கான்னும் கேட்டிருப்பேன்."

அவள் இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

மருதாயி வேறு யோசனையோடு வந்தாள். அவிசாவளைப் பக்கம் மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறாராம், வெற்றிலையில் கள்ளனின் முகம் தெரியுமாம், ஐயாயிரந்தானாம்.

"முகம் தெரிஞ்சு என்னாக்கா பண்றது? அவன் பேசின போன் நம்பரே எங்கிட்ட இருக்கு. அத வச்சிக்கிட்டே பொலிஸ் புடிக்கல. வெத்தலைய வச்சி புடிச்சிருவாங்களா?"

"எல்லாம் கண்ணூறுடி. ஊரே ஒன் சொவத்தப் பாத்துச்சு."

"கண்ணூறுக்கு எங்கார்டு நம்பர் எப்படித் தெரியும்? நாந்தான் சொன்னேன். தெரியாமச் சொன்னேன். இனிமே தெரியும். அவ்வளவுதான். மை போடுறவருக்கு ஐயாயிரம் குடுத்தா அது ரெண்டாவது நம்பர்க்கா."

மருதாயி யோசித்துப் பார்த்து, "அடியே, அந்தப் பேச்ச நாந்தானே ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றாள்.

"அதான் பாதியாச்சும் மிஞ்சிச்சு."

அந்த வாரம் வீடு கட்டும் மேசன் பாஸ் வந்து அளந்துவிட்டுப் போனார். இருக்கிற காசில் சுவர் முடியும், கூரைக்கு ஒரு தகடும் வராது என்றார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். மேட்டு விரிசலுக்கு அடுத்த வருடம் வரை பொறுமை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. ஜீவராணி தினமும் வேலை முடிந்து வரும்போது அதில் ஒரு றப்பர்க் குச்சியை விட்டுப் பார்ப்பாள். ஏப்ரலில் இரண்டு மழை பெய்தது. குச்சி முன்னைவிட ஒரு சாண் அதிகமாக இறங்கியது.

நடந்ததை மறைத்திருக்கலாம். பலர் மறைக்கிறார்கள், ஏமாற்றியவனுக்கு இல்லாத வெட்கத்தை ஏமாந்தவர்கள் சுமக்கிறார்கள். ஜீவராணி ஒரு நாள் பால் நிறுக்கும் கொட்டகையில், நாற்பது பேர் வாளியோடு வரிசையில் நிற்கும்போது, முழுக்கதையையும் சொன்னாள். கள்ளனின் குரலில் பேசிக் காட்டினாள். சனம் சிரித்தது. வரிசையில் மூன்று பேருக்கு அதே குரல் வந்திருந்தது. ஒருத்தி தானாகவே எல்லா நம்பரையும் கொடுத்துவிட்டு, கணக்கில் காசில்லாததால் தப்பியிருந்தாள். "நம்ம வறுமை நம்மளக் காப்பாத்துச்சு" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

முஹ்ஸின் ஓர் அட்டையில் கொட்டை எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தார். ஜீவராணி சொல்லச் சொல்ல எழுதியது: பேங்க் நம்மகிட்ட போனில் நம்பர் கேக்காது. கேட்டா அது பேங்க் இல்ல. போனுக்கு வர்ற நம்பர் வீட்டுச் சாவி. அவசரப்படுத்தினா போனை வைங்க, நேர்ல போங்க. நகல் குடுத்தா எதுக்குன்னு நகல்லயே எழுதிக் குடுங்க. ஏமாந்தா மறைக்காதீங்க, உடனே கார்ட நிப்பாட்டுங்க. அட்டையைத் தராசுக்கு மேலேயே கட்டினார்கள்.

இப்போதைய கணக்கப்பிள்ளை இளம் ஆள். அட்டையை வாசித்துவிட்டு, "நல்ல வேல" என்று தலையாட்டியபடி ஜீவராணியின் வாளியை நிறுத்தார். எழுதினார். இரண்டு வாளி கழித்து எதையோ மறந்தவர் போல, "அக்கா, ஒங்க நம்பர் என்னா?" என்றார்.

நாற்பது வாயும் ஒன்றாகக் கத்தின: "பொஸ்தகத்தக் காட்டுங்க!"

கணக்கப்பிள்ளை புத்தகத்தைக் காட்டினார். அவர் உண்மையிலேயே மறந்துதான் கேட்டாரோ என்னவோ. காட்டினார் என்பதுதான் செய்தி.

ஏப்ரல் கடைசியில் போன் அடித்தது.

"வணக்கம். ஜீவராணி அம்மாங்களா? பேங்குல இருந்து பேசுறேன்." பெண் குரல். தமிழ்.

ஜீவராணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சாப்ட்டேன். சொல்லு."

"ஆங்... நான் ஷாமிளா, புதுசா வந்திருக்கேன். நீங்க குடுத்த முறைப்பாடு பத்தி..."

"நம்பர் ஏதும் கேக்கப் போறியா?"

"இல்லம்மா, நம்பர் ஒண்ணும் வேணாம். உண்மையான பேங்க்தாம்மா நாங்க."

"அதத்தான் அவனும் சொன்னான் மகளே. கோவிச்சுக்காத. நாளைக்கு நேர்ல வர்றேன், மூஞ்சியப் பாத்துப் பேசுவோம்." வைத்துவிட்டாள்.

மறுநாள் போனாள். ஷாமிளா என்று ஒரு பெண் உண்மையிலேயே இருந்தாள். தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, மூன்றாம் கவுண்டர். போனை வைத்ததற்காக எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் ஒங்கள மாதிரி வச்சா எங்களுக்கு வேலையே கொறைஞ்சிரும்மா." ஒன்றரை லட்சத்தில் அறுபதாயிரத்துச் சாமான் கடையை விட்டு வெளியே போகுமுன் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் காசு திரும்பியிருந்தது. தொண்ணூறாயிரம் போனது போனதுதான். அதற்காக இதுவரை யாரும் பிடிபடவில்லை. பிடிபடுவார்கள் என்று ஜீவராணி காத்திருக்கவும் இல்லை. சுவரிலிருந்த பலகைக்குக் கீழே, ஒட்டுநாடாவால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழ். ஷாமிளாவின் கையெழுத்து.

"மேலிடத்துல இருந்து பலகை வர நாளாகும்மா. அதுவரைக்கும் நானே எழுதிட்டேன்."

அறுபதாயிரத்துக்கு ஒரே ஒரு காம்பராவுக்கு, ஓர் அறைக்கு மட்டும், கூரை போடலாம் என்றார் மேசன் பாஸ். போடு என்றாள் ஜீவராணி. மே பன்னிரண்டாம் தேதி சாமான்களை இறக்கினார்கள். சுமன் கொழும்புக் கடையில் லீவு போட்டுவிட்டு வந்து அலுமாரியைச் சுமந்தான். ஏழுமலை பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டு நடந்தார். கடைசியாகக் கிளம்பும்போது ஜீவராணி மேட்டில் ஏறி விரிசலில் குச்சியை விட்டாள். குச்சி முழுதும் உள்ளே போனது. எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த காம்பரா மருதாயியின் கதவைத் தட்டினாள். "அக்கா, பாயச் சுருட்டுங்க. மழை விடுறவரைக்கும் எங்க வீட்டுலதான் படுக்கணும். எடம் பத்தாது, பரவால்ல."

கீழே, ஒரு காம்பராவுக்குத் தகரம் பளபளத்தது. அடுத்த காம்பராவில் வானம் தெரிந்தது. வாசற்படிக்குப் போட்ட சிமெந்து இன்னும் ஈரமாக இருந்தது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

"ஆறாம் லயம் நாலாம் காம்பரான்னு இருந்தோம்" என்றார் ஏழுமலை. "இதுக்கு என்னா நம்பர்?"

ஜீவராணி பால் வெட்டும் கத்தியை எடுத்து, குனிந்து, ஈரச் சிமெந்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள். நாலு எழுத்து.

"ஏ புள்ள, எம்பேரு?"

"மழை வருது. காயிறதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக்குங்க" என்று கத்தியை அவரிடம் நீட்டிவிட்டு, படியை மூடச் சாக்கு தேடிப் போனாள்.